மறைவிடத்தில் ஒரு கட்டி: மெடிக்கலா, லாட்ஜா, ஜி.எச்.சா, பெங்களூரா?

வலது தொடை இடுக்கில் சோப்புப் போடும்போது விரலில் தட்டியது. சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் லேசான வலி, தள்ளினால் கொஞ்சம் நகர்ந்தது. ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் காவேரிப்பட்டணம் வந்து இறங்கி, குளித்துவிட்டுத் தூங்கலாம் என்று போன காலை அது. தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு டாக்டர் முன்னால் போய் நிற்க எனக்கு 11 நாள் ஆனது. அந்த 11 நாளில் இது என்ன கட்டி என்று யோசித்ததைவிட, இதை யாரிடம் காட்டுவது என்று யோசித்ததுதான் அதிகம்.

முழங்கையில் வந்திருந்தால் அன்று மாலையே சட்டையை மடித்து யாரிடமாவது காட்டியிருப்பேன். இடம் மாறியதும் கணக்கும் மாறிவிடுகிறது. எங்கே நல்ல வைத்தியம் என்பது பின்னுக்குப் போய், எங்கே தெரிந்த முகம் இருக்காது என்பது முன்னால் வந்து நிற்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இருக்கிற ஒருவருக்கு என்னென்ன வழி உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நான் பட்டதையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நாள் முழுக்க சேஃப்டி ஷூ போட்டு மெஷின் ஓட்டுகிறவன்.

சும்மா இருந்து பார்ப்பதை மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி வெயிலில் வேனல் கட்டி வராத ஆள் இந்தப் பக்கம் குறைவு. சவரம் செய்த இடத்தில் முடி உள்பக்கமாகவே வளர்ந்து சின்னக் கட்டியாகும். இதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பிதுக்காமல் விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். ஆணுறுப்பின் நுனியைச் சுற்றி முத்து கோத்தது போல வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு பருக்கள் பலருக்கு இயல்பாகவே உண்டு, தொற்றே கிடையாது. அதை மரு என்று பயந்து சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் நான் செய்தது காத்திருப்பு இல்லை. ஒரு நாளைக்கு இருபது முறை பாத்ரூமுக்குப் போய் அமுக்கிப் பார்த்தேன். அமுக்க அமுக்க வலி கூடியது, வலி கூடவும் பயம் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடினால் ஒவ்வொரு பக்கமும் கடைசியில் புற்றுநோயில்தான் போய் முடிந்தது.

காத்திருப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிபிலிஸ் என்கிற மேகப்புண் பெரும்பாலும் வலிக்காது. உடலுறவு நடந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் வரும், 10 நாளிலும் வரலாம், 90 நாள் கழித்தும் வரலாம். மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியதும் ஆள் நிம்மதியாகிவிடுவார். நோய் உள்ளேயே இருக்கும், வருஷங்கள் கழித்து வேறு இடத்தில் தலை காட்டும். இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே பிடித்தால் பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடுகிற வியாதி. அதனால் காத்திருக்கலாம், ஆனால் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சாதாரணக் கட்டி என்றால் இரண்டு வாரம் போதும். புண்ணாக இருந்தாலோ, வெளித்தொடர்பு ஏதாவது இருந்தாலோ அந்த இரண்டு வாரமும் வேண்டாம்.

மூன்றாம் நாள் மெடிக்கலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கடை இல்லை, வேறு ஊரில் ஒரு கடை. சாயங்காலம், முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று இருமல் மிட்டாய் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப் பையன், "என்னண்ணா வேணும்?" என்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அரிப்பு இருக்கா?" என்றான். கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான், ஒரு ட்யூப் எடுத்து வைத்தான். 90 ரூபாய். எங்கே, எத்தனை நாளாக, வலிக்கிறதா என்ற ஒரு கேள்வியும் இல்லை. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய உபகாரமாகத் தெரிந்தது.

அந்த ட்யூபில் இருந்தது மூன்று மருந்துக் கலவை: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசாங்கம் விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. போட்ட மறுநாளே அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு தொடையிலும் வளையம் வளையமாகப் படர்தாமரை கிளம்பியது. ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும், பூஞ்சை மட்டும் செழிக்கும். கட்டி அப்படியே இருந்தது. மெடிக்கலில் பாண்டேஜ் வாங்கலாம், டாக்டர் எழுதிய மாத்திரை வாங்கலாம். மறைவிடத்துக்கு அங்கே வைத்தியம் பார்க்க வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் எப்போதும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: மூலம், பவுத்திரம், விரைவீக்கம், ஆண்மைக்குறைவு, ஆபரேஷன் இல்லாமல், ரகசியமாக. மாதத்தில் ஒரு நாள் இந்த லாட்ஜ், இந்த ரூம் என்று விவரமும் இருக்கும். ஒருநாள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "48 நாள் மருந்து தம்பி, 6,500 ஆகும், பாதி முன்பணம்" என்றார். கட்டியைப் பார்க்காமலே மருந்து முடிவாகிவிட்டது. விரைவீக்கம், பால்வினை நோய் இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்தச் சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, நோட்டீஸ் மட்டும் தினம் புதுசாக ஒட்டப்படுகிறது. இதையும் சித்த வைத்தியத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். லாட்ஜ்காரர் விற்பது மருந்து இல்லை, யாருக்கும் தெரியாது என்கிற உத்தரவாதம். அதற்குத்தான் அந்த 6,500.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிறது, செலவும் இல்லை. என் அம்மாவுக்கு பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி எங்கள் மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பலமே, வருகிறவர் நம் ஊர்க்காரர், நம் வீட்டை அறிந்தவர் என்பதுதான். என் காலைக் கட்டிப்போட்டதும் அதுதான். மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கு அம்மாவைத் தெரியும், சுகாதார நிலையத்துக்கு அந்த அக்காவைத் தெரியும். சீட்டில் எழுதியதை யாரும் ஊருக்குள் சொல்ல மாட்டார்கள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு வாசல் வரை போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 வரை இருக்கிற கம்பெனி ஆட்களுக்கு இந்தக் காப்பீட்டில் வைத்தியம் இலவசம், குடும்பத்துக்கும் சேர்த்து. லீவுக்குச் சீட்டும் கிடைக்கும். அந்தச் சீட்டை கம்பெனியில் கொடுக்கும்போது என்ன வியாதி என்று கேட்பார்களோ என்ற ஒரே பயத்தில் அந்த வழியையும் விட்டேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இடுப்பு வலிக்கு நானே எத்தனை சீட்டு கொடுத்திருக்கிறேன், யார் படித்தார்கள்!

தனியார் கிளினிக்கின் பெரிய வசதி நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் திறக்கும், ஷிப்டை விட வேண்டாம், ஸ்கேன் வேண்டுமென்றால் அன்று இரவே எடுத்துவிடலாம். கிருஷ்ணகிரியில் ஒரு கிளினிக்கில் 400 ரூபாய் கட்டி டோக்கன் போட்டேன். எனக்கு முன்னால் 14 பேர். எட்டாவது ஆள் போகும்போது என் சித்தப்பா மகளின் மாமனார் உள்ளே வந்து, "என்ன மாப்ள, ஒடம்புக்கு என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். காய்ச்சல் என்றேன். உள்ளே போய் டாக்டரிடமும் காய்ச்சல் என்றே சொல்லிவிட்டு, பாராசிட்டமால் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இதில் டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தனியாரில் இன்னொரு சங்கடம், எந்த டாக்டரிடம் போவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். தவறினால் இரண்டாவது ஃபீஸ். பிறகு நான் புரிந்துகொண்ட கணக்கு இது. தோலின் மேலேயே இருப்பது, அதாவது மரு, கொப்புளம், புண், நடுவில் குழி விழுந்த பாலுண்ணி என்றால் தோல் டாக்டர். தோலுக்கு அடியில், தொடை இடுக்கில் உருளுவது என்றால் சர்ஜன். இருமினால் பெருத்து, படுத்தால் உள்ளே போகிறது என்றால் குடலிறக்கமாக இருக்கலாம், அதுவும் சர்ஜன்தான். பெண்களுக்கு மகளிர் டாக்டர்.

விதையிலேயே, வலியில்லாமல், கல் மாதிரி கெட்டியாக ஒன்று தென்பட்டால் தள்ளிப் போடவே கூடாது. விதையில் வரும் புற்றுநோய் 15-லிருந்து 35 வயதுக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிற புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. ஒரு அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கே ஊசி போட்டு நீர் எடுக்கிறேன், கீறிப் பார்க்கிறேன் என்று ஸ்கேனுக்கு முன் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விரைப்பை வீக்கம் எல்லாம் புற்றும் இல்லை. நீர் கோத்த ஓதமாக இருக்கலாம், டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். நரம்பு சுருண்டு புழுப்பை மாதிரி தட்டுப்படுவதும் உண்டு, அது பெரும்பாலும் இடது பக்கம்.

பெங்களூர் போய்விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தெரிந்த முகமே இருக்காது. எங்கள் லைனில் பாதிப் பேர் பல்வலிக்குக்கூட பெங்களூர் என்பார்கள். ஒரு நாள் சம்பளம், பஸ், சாப்பாடு, பெரிய ஆஸ்பத்திரி ஃபீஸ், பரிசோதனைகள். பிறகு ரிசல்ட் வாங்க ஒரு முறை, மறுபடி காட்ட ஒரு முறை. மூன்றாவது முறை நம்மில் யாரும் போக மாட்டோம், பாதியிலேயே நின்றுவிடும். புற்றுநோய் என்று உறுதியான பிறகு அங்கே இருக்கிற கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு விஷயம். தர்மபுரிக்காரர்களுக்கு சேலம் 65 கிலோமீட்டர்தான், அங்கே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் அளவுக்குப் போனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. முதல் முறை ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு இத்தனை தூரம் தேவையில்லை.

கடைசியில் நான் போனது தர்மபுரி ஜி.எச். அது 2008-லிருந்து மருத்துவக் கல்லூரி. கிருஷ்ணகிரிக்கும் 2022-ல் போலுப்பள்ளியில் கல்லூரி வந்துவிட்டது, எனக்கு அதுதான் பக்கம். ஆனால் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். வெட்கத்துக்கும் வைத்தியத்துக்கும் நடுவே ஒரு சமரசம் வேண்டியிருந்தது, கூடுதலாக ஒரு பஸ் டிக்கெட்டில் அது கிடைத்தது. பெங்களூரில் தேடிய அதே தெரியாத கூட்டம் பக்கத்து மாவட்டத்திலேயே இருந்தது. மருத்துவக் கல்லூரியில் பயிற்சி டாக்டர்கள் சுற்றி நிற்பார்கள், அதை நினைத்தும் கூசினேன். "வேற யாரும் வேணாம் சார்" என்றேன். டாக்டர் தலையசைக்க, இரண்டு பேர் வெளியே போனார்கள்.

கட்டியைப் பார்த்தார். இரண்டு விரலால் உருட்டினார், மறுபக்கமும் தொட்டுப் பார்த்தார், கழுத்தையும் அக்குளையும் தடவினார். அப்புறம், "தம்பி, ஷூவைக் கழட்டுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. சாக்ஸைக் கழற்றியதும் வலது கால் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் விரித்துப் பிடித்தார். இடையில் தோல் வெள்ளையாக ஊறி, கத்தியால் கீறினது போல வெடித்திருந்தது. நான் அதை மாதக்கணக்கில் கவனிக்கவே இல்லை. நாள் முழுக்க ஷூவுக்குள் வியர்வையில் ஊறினால் வருகிற அதே சேற்றுப்புண். "கிருமி இதுவழியாத்தான் போகுது. அதை மறிக்கிற செக்போஸ்ட் வீங்கியிருக்கு. நெறி கட்டியிருக்கு, அவ்ளோதான்."

நெறி! என் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் முதல் கேள்வியே "கால்ல முள்ளு கிள்ளு குத்துச்சாடா?" என்றுதான் இருந்திருக்கும். நாற்று நட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, காலில் புண் என்றால் கவட்டையில் நெறி கட்டும். நான் போனில் 11 நாள் தேடியும் அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அப்படியானால் எல்லா நெறியும் சாதாரணமா என்றால், இல்லை. கெட்டியாக, அசையாமல், ஒரு மாதம் தாண்டியும் வளர்ந்துகொண்டே போனால், கூடவே எடை குறைந்தால், ராத்திரி வியர்த்துக் கொட்டினால் காசநோயோ வேறு எதுவோ என்று சோதித்துத்தான் ஆக வேண்டும்.

அதோடு அவர் விடவில்லை. "வெளித்தொடர்பு ஏதாவது?" என்று பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். சீட்டில் எழுதாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை என்றேன். அதைத்தான் நான் 11 நாளாகச் சுமந்துகொண்டிருந்தேன், கட்டியை இல்லை. திட்டவில்லை, முகம் மாறவில்லை. சிபிலிஸைக் கண்டுபிடிக்கிற வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையும், நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதினார். இரண்டுக்கும் காசு இல்லை. எச்.ஐ.வி. முடிவை நம் சம்மதம் இல்லாமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்று 2017-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு 'சுகவாழ்வு மையம்' என்றுதான் பலகை, அங்கே நிற்பவரைப் பார்த்து யாரும் எதையும் யூகிக்க முடியாது. லாட்ஜ் 6,500 ரூபாய்க்கு விற்கிற ரகசியம் இங்கே சும்மாவே கிடைக்கிறது.

இரண்டுமே நெகட்டிவ். கால் புண்ணுக்கு மருந்து போட்டதும் நெறி மூன்று வாரத்தில் கரைந்தது. மெடிக்கல் ட்யூப் கிளப்பிவிட்ட படர்தாமரைக்கு இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு என் மனைவியிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வந்துச்சுங்க" என்றாள். உறுப்பின் வாசலில் ஒரு பக்கமாக, நெல்லிக்காய் அளவுக்கு. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று நான்கு நாள் போனாளே, அது அதற்குத்தான். அவளுக்கும் எட்டு மாதம் ஆகியிருக்கிறது வாய் திறக்க. முதலில் சொன்னது ஊர் நர்ஸ் அக்காவிடம். எனக்குத் தடையாகத் தெரிந்த அதே தெரிந்த முகம், அவளுக்குக் கதவாக இருந்திருக்கிறது. நர்ஸ் அக்காதான் மகளிர் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே இருக்கும் ஒரு சுரப்பியின் வாய் அடைத்து நீர் கோத்துக்கொள்வதாம், பார்த்தோலின் கட்டி என்பார்கள். சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் வெந்நீரில் உட்கார்ந்தாலே போதும். சீழ் பிடித்தால் கீறி வடிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக அப்படி வந்தால் மட்டும் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். ஆண் டாக்டர் பார்க்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை என்பதும் அவளுக்கு அந்த அக்கா சொன்னதுதான்.

ஆக, எனக்குப் பக்கத்து மாவட்ட ஜி.எச்., அவளுக்கு ஊர் நர்ஸ். காசு இருக்கிற, லீவு கிடைக்காத ஆளுக்கு மாலை நேரத் தனியார் கிளினிக்கும் சரிதான், உள்ளே போய் காய்ச்சல் என்று சொல்லாமல் இருந்தால். இந்த ஒப்பீடெல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையே போய்விடும். படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த குடலிறக்கம் போகாமல் மாட்டிக்கொண்டு வாந்தியும் வந்தாலும் அப்படித்தான். சுகர் இருக்கிறவருக்குக் காய்ச்சலோடு அந்த இடம் கறுத்து, நாற்றமெடுத்து, வீக்கம் பரவினாலும் அப்படித்தான். தெரிந்த முகமா தெரியாத முகமா என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

ஜி.எச்.சுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று. சீட்டுப் போடும் கவுண்டரில் "என்ன தொந்தரவு?" என்று சத்தமாகக் கேட்பார்கள், பின்னால் வரிசை நிற்கும். அங்கே கட்டியைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். "தோல் டாக்டரப் பாக்கணும்" என்றால் போதும், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். சர்ஜன் பார்க்க வேண்டியதாக இருந்தால் அவரே எழுதி அனுப்புவார்.